பண்டிகைக்கு வைத்த பூசணிக்காய்

எங்கள் அம்மா கர்த்தரிடம் போய் இந்த ஐப்பசியோடு ஓர் ஆண்டு ஆகிறது. அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் வீட்டில் எல்லோரும் தாளை என்னிடம்தான் தந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கும் பெருமைதான், மறைக்க விரும்பவில்லை.

அம்மா பிறந்தது ஆலங்குளத்துப் பக்கம். தாத்தா சுண்ணாம்புக்கல் சுமந்தவர். பள்ளிக்குப் போகும் வயதில் அம்மா தீப்பெட்டி ஒட்டப் போனார்கள். அப்பாவைக் கைப்பிடித்து நாரணாபுரம் வந்த பிறகு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை. நகக்கண்களில் மருந்தின் சாம்பல் நிறம் ஏறிக் கிடக்கும். சனிக்கிழமை மாலை எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்ப்பார்கள். அது போகாது. அந்தக் கைகளோடுதான் ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்பார்கள்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். சீசனில் வாங்கிய கூலி பண்டிகையோடு கரைந்திருக்கும். தெருவே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். நிலமுள்ளவர்கள் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். எங்களுக்கு நிலம் கிடையாது. ஆனாலும் ஒரு வாரம் முன்பே அம்மா வீட்டை அலங்கரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தோட்டக்காரர்களிடம் கேட்டு வாங்கிய கம்பங்கதிர்களைக் கொத்துக் கொத்தாக நிலைப்படியில் கட்டுவார்கள். சிவப்பு வத்தலை ஊசி நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவார்கள். அச்சாபீஸில் கழித்துப் போட்ட வண்ணத் தாள்களைக் கத்தரித்துத் தோரணம் ஒட்டுவது என் வேலை.

"இல்லாத வீட்டுக்கு எதுக்கு இம்புட்டு அலங்காரம்?" என்று அப்பா கேலி செய்வார்கள்.

"வாசல் சும்மா கெடந்தா வாறவுகளுக்குக் கூச்சமா இருக்கும். ஜோடிச்சுக் கெடந்தா, பண்டிகைக்கு வந்தோம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு உள்ள வருவாக," என்பார்கள் அம்மா.

பசியோடு வருகிறவர்கள் விருந்தாளியாக வர வேண்டும் என்பதற்கே அந்தத் தோரணம். இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு நான் விண்ணப்பித்த ஆண்டில் அம்மா ஒரு பொருத்தனை செய்தார்கள். எனக்கு இடம் கிடைத்தால், எங்கள் மொட்டை மாடியில் படர்ந்திருந்த கொடியில் காய்க்கும் முதல் சர்க்கரைப் பூசணியை ஆலயத்தில் படைப்பதாகச் சொன்னார்கள். இடம் கிடைத்தது. பூசணியும் காய்த்துப் பழுத்தது. பண்டிகை வாரத்தில் அதைக் கழுவித் துடைத்து, நடுவீட்டில் முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து அம்மா வைத்தார்கள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி, பள்ளத்தில் இருந்த குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறியது. எங்களுடையது மேட்டில் இருந்த தொகுப்பு வீடு. அம்மாவோடு திரி வைக்கும் மாரியக்கா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தார். பின்னாலேயே இன்னும் சில குடும்பங்கள் வந்தன. எல்லோரும் எங்கள் ஒற்றை அறைக்குள் இருந்தோம்.

"ஏக்கா, கல்யாண வீடு கணக்கா ஜோடிச்சு வச்சிருக்கீக. பொண்ணு எங்க?" என்று நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே மாரியக்கா கேட்டார்.

"பொண்ணு அந்தா முக்காலியில உக்காந்திருக்கா. கிட்டப் போயிராத, ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ," என்றார்கள் அம்மா. மழைச் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரித்தார்கள்.

மழை விடவில்லை. கடைகள் திறக்கவில்லை. பானையில் இருந்த அரிசி முதல் நாளே தீர்ந்தது. மறுநாள் அம்மா நிலைப்படியில் கட்டிய கம்பங்கதிர்களை அவிழ்த்துக் கசக்கி, உரலில் இடித்துக் கூழ் காய்ச்சினார்கள். கடித்துக்கொள்ளச் சுவரில் தொங்கிய வத்தல். அதுவும் தீர்ந்து, சனிக்கிழமை பிள்ளைகள் அழத் தொடங்கியபோது முக்காலியில் இருந்தது மட்டுமே மிஞ்சியது. அம்மா அரிவாள்மணையை எடுத்தார்கள்.

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பொருத்தனையில கை வைக்காத. வந்தா புள்ள மேல வந்துரும்."

மாரியக்கா அதைவிடப் பயந்தார். "வேணாங்க்கா. சாமிக்கு நேந்தத நாங்க திங்க மாட்டோம். தெய்வக்குத்தம் ஆயிரும். எங்க புள்ளைக பட்டினி கெடந்தா கெடந்துட்டுப் போகுது."

அம்மா அரிவாள்மணை முன் முழங்கால் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபித்தார்கள். "ஆண்டவரே, ஒமக்குன்னு சொன்னது நான். அறுக்குறதும் நான். எம் மகளுக்கும் இந்தப் புள்ளைகளுக்கும் இதுல பங்கு இல்ல. கணக்கு கேக்கணும்னா என்கிட்ட கேளும். ஆமென்."

பூசணி வெந்ததும் முதல் கவளத்தை எல்லோர் எதிரிலும் அம்மாவே எடுத்து வாயில் போட்டார்கள். "பாத்தீகளா? குத்தம் வந்தா எனக்குத்தேன். ஏட்டி மாரி, ஒக்காரு," என்றார்கள். பிள்ளைகள் தட்டை நீட்டின. கடைசியில் மாரியக்காவும் சாப்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்பா சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை வெயில் வந்தது. ஆலயத்தில் காணிக்கை படைக்க எல்லோரும் வரிசையாகப் போனார்கள். வாழைத்தார், சேவல், தேங்காய் என்று ஒருவர் கையும் சும்மா இல்லை. எங்கள் வரிசையின் முறை வந்தபோது, அம்மா உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எழுந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன மதினி, கைய வீசிக்கிட்டு வாறீக? பூசணி நடந்து வருதோ?" என்று முன்னால் நின்ற உறவுக்காரர் கேட்டார். அம்மா பீடத்தின் முன் சாம்பல் படிந்த அந்தக் கைகளை விரித்துக் காட்டி, சற்று நின்று, திரும்பி வந்தார்கள். அப்பா எழுந்து, உட்கார இடம் விட்டு, அம்மாவின் தோளைத் தொட்டார்கள். பொது இடத்தில் அப்பா அப்படிச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் படித்து முடித்து ஆசிரியையானேன். அம்மாவின் மார்புச் சளி வருடாவருடம் கூடிக்கொண்டே வந்தது. விருதுநகர் மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம் கேட்டேன்: "அன்னைக்கு அறுக்கும்போது ஒங்களுக்குப் பயமே இல்லையாம்மா?"

"இல்லாம? ஒனக்கு ஒண்ணு ஆயிருமோன்னு அந்த வருசம் பூராவும் பயந்தேன்," என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்: "பயந்துக்கிட்டேதேன் ஆக்குனேன். வீட்டுக்கு வந்தவுக பசிச்சிருக்கும்போது, எம் பயம் போறவரைக்கும் ஒலைய வைக்காம இருக்க முடியுமா?"

அம்மாவுக்குத் துளியும் பயம் இல்லை என்றே அதுவரை நம்பியிருந்தேன். அதற்காகத்தான் அவர்களை மதித்தேன். அன்று முதல் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

அம்மாவை இரவும் பகலும் கவனித்த செவிலியர்களுக்கும், படுக்கையருகே வந்து ஜெபித்த போதகர் ஐயரவர்களுக்கும், சபையாருக்கும், அடக்கத்தன்று எங்கள் வீட்டு அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மாரியக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் நீங்கள் யாரும் சாப்பிடாமல் கிளம்ப வேண்டாம். இத்தனை பேருக்குப் போதுமா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உலை வைத்தாயிற்று.