கழுவக் கூடாத சுவர்

என் அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகாத கட்சி இந்தப் பக்கத்தில் கிடையாது. வெள்ளம் வடிந்ததிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டி, காலில் புது ரப்பர் பூட்ஸ். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், அப்புறம் கேமரா பக்கம் திரும்பி இதற்கெல்லாம் யார் காரணம் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருப்பாள்.

அவள் வாழ்க்கைப்பட்டது எர்ணாவூர் தாண்டி, ஆற்றை ஒட்டிய மீனவக் குப்பத்தில். மாமா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அக்கா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் விம்கோ நகரில் மாடி வீட்டில் இருக்கிறேன், புயல் மழையில் எங்கள் தெருவோடு தண்ணீர் நின்றுவிட்டது. அங்கே அப்படி இல்லை. ஆறு பொங்கி வீட்டுக்குள் வந்தது. வந்தது தண்ணீர் மட்டுமில்லை, கூடவே எண்ணெயும். எந்தக் குழாயிலிருந்து, எந்த ஆலையிலிருந்து என்று இன்றுவரைக்கும் யாரும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் இறங்கிய பிறகு நாலு சுவரிலும் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக, பிசுபிசுவென்று அப்பிக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் நுழைந்தால் பெட்ரோல் பங்கில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மார்கழிப் பனிக்கே அவளுக்கு மூச்சு இழுக்கும். அந்த வீட்டில் அவள் எப்படி இருப்பாள் என்பதுதான் என் கவலை. அதனால் வாளி, சோப்புத் தூள், தேய்க்கிற பிரஷ், ஒரு கேன் மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் தேய்ப்பு தேய்க்கிறேன், அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏண்டி, இன்னா பண்றே? கைய வெக்காத. கட்சித் தலைவரு வந்து பாத்தப்பறந்தான் கழுவணும்னு ஊர்ல சொல்லிக்கிறாங்க."

"யக்கா, உனுக்கு மூச்சு இழுத்துகினு கீது. தலைவரு வந்து உன் நெஞ்சையா தடவப்போறாரு?"

"போன தபா இன்னா ஆச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. குப்பத்தில் பஞ்சாயத்து ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கடலுக்குப் போகாதே என்று மைக்கில் சொன்னால் ஒரு படகும் இறங்காது. முன்பொரு புயலின்போது அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா மாதிரி சுத்தக்காரிகள் விடிந்ததும் விடியாததுமாக வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, பாயை வெயிலில் காயவைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் தெருவில் நின்று, இங்கே பெரிசாக ஒன்றும் பாதிப்பில்லை போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சேற்றோடு உட்கார்ந்திருந்த தெருவுக்குத்தான் நிவாரணமெல்லாம் கிடைத்தது. அந்த அனுபவத்தில் ஊர் கற்றுக்கொண்ட பாடம் இது. பார்க்கிறவன் பார்க்கும்வரை அழுக்கு அப்படியே இருக்கவேண்டும். அப்போது இருந்தது சேறு, இப்போது இருப்பது எண்ணெய் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சேற்றோடு இருந்தால் சளி பிடிக்கும், அவ்வளவுதான். இதை மூச்சில் வாங்கிக்கொண்டல்லவா இருக்கவேண்டும்.

முதலில் வந்தவர்கள், ஏரியைச் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டதுதான் காரணம் என்றார்கள். அடுத்து வந்தவர்கள், முன்னால் வந்தவர்கள் ஆண்டபோது கால்வாயைத் தூர் வாராததுதான் காரணம் என்றார்கள். இன்னொரு கூட்டம் வந்து, இந்த ஆலைக்கெல்லாம் அனுமதி கொடுத்தது யார் என்று எங்களையே கேட்டது. அக்காவைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஆளாளுக்குப் பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். இது முடிந்தது, கழுவலாம் என்று நினைக்கும்போது, நாளைக்கு வேறொருவர் வருகிறாராம் என்று மைக்கில் அறிவிப்பு வரும். என் வாளி அவள் வாசலிலேயே கிடந்தது.

மாமா எண்ணெய் ஊறிப்போன வலையைக் கரையில் குவித்துவைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதையும் காட்டவேண்டுமாம். நான் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "மாமா, நீயாவது சொல்லக்கூடாதா?" என்றதற்கு, "நான் இன்னாத்த சொல்றது. ஊரை வுட்டு நாம மட்டும் கழுவ முடியுமா?" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. எண்ணெய் நெடியா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் டிவியைப் போட்டால் அக்கா வீடு. திரையில் ஒரு ஓரமாக அந்தச் சுவரையும் அக்காவையும் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மீதி இடத்தில் நாலு ஆண்கள் உட்கார்ந்து, உன் ஆட்சியா என் ஆட்சியா என்று வாய் கிழியக் கத்தினார்கள். அக்கா இருமுவது தெரிகிறது. முந்தானையால் வாயைப் பொத்துகிறாள், தோள் குலுங்குகிறது, சுவரில் கை ஊன்றிக் குனிகிறாள். சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், அந்த நாலு பேர் பேசுவது கேட்கவேண்டுமே. ரிமோட்டைத் தூக்கி எறிந்ததில் பேட்டரி கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, உங்க அக்கா டிவியில வந்தாங்களே என்று சிரித்தபோது அவளிடமும் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

அதற்கப்புறம் அக்காவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, அந்த வாடையில் இனி இருக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னாள். என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், நன்றாகத் தூங்கினாள். நிம்மதியாக இருந்தது எனக்கு. காலையில் எழுந்து பார்த்தால் தலை சீவி, புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"சேதம் பாக்க கமிட்டி வருதாம்டி. வூட்டுக்காரி இல்லன்னா வூட்டை யாரு காட்டுவா?"

அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "இந்த ஒரு தபாதான், சாயந்தரம் வந்துர்றேன்" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

கமிட்டி அன்று வரவில்லை. வேறொரு நாள் வந்து, அடுத்த தெருவோடு திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் வேறு ஊரில் வேறு பிரச்சினை கிளம்பியது, கேமராக்கள் அங்கே போயின. இனி கழுவிக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். மாமாவும் நானும் தேய்த்தோம். எண்ணெய் அதற்குள் பூச்சுக்குள் இறங்கியிருந்தது, தேய்க்கத் தேய்க்கக் கைதான் எரிந்தது. கடைசியில் மாமா கொத்தனார் கரண்டியால் பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்ட் பூசினார். சுண்ணாம்பு அடித்தோம். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. நிவாரணமும் வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. அக்காவின் நெஞ்சைத்தான் கொத்திப் பூச முடியவில்லை.

இப்போது மார்க்கெட்டுக்குப் போகிறாள். மீன் விற்கிறவளுக்குப் பாதி வியாபாரம் குரலில்தான். முன்பெல்லாம் அவள் சங்கரா, நெத்திலி என்று கூவினால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எனக்குக் கேட்கும், சிரிப்பு வரும். போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். தேர்தல் நெருங்குகிறது. தோளில் துண்டு போட்ட ஒருவர், மைக் பிடித்த பையனோடு கடை கடையாக வந்துகொண்டிருந்தார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அந்தச் சுவத்து அம்மாதானே நீங்க? யாரால உங்களுக்கு இந்தக் கதி வந்துச்சு, தைரியமா சொல்லுங்கம்மா" என்று மைக்கை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

அக்கா நிமிர்ந்தாள். சொல்ல அவளிடம் நிறைய இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூச்சை இழுத்தாள். பாதியில் அடைத்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள், இருமல் வந்துவிட்டது. விடாமல் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் மைக்கைப் பக்கத்துக் கடைக்காரியிடம் நீட்டினார். அவள் நல்ல குரலில், அவர் கேட்க நினைத்த பெயரைச் சொன்னாள்.