மஞ்சள் போட்டுக் கழுவிய ட்ரவுட்

மருமகன் முதன்முதலாக எங்கள் திண்டுக்கல் வீட்டுக்கு வந்தபோது நியூசிலாந்திலிருந்து ஒரு மீன் கொண்டுவந்தார். ட்ரவுட்டாம். புகையில் வாட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்திருந்தது. மகள் எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்ட ஒட்டன்சத்திரத்துக்காரர் அவர்; இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் வாசலை மிதிக்கிறார். போனில்கூட நான் அவரிடம் நேராகப் பேசுவதில்லை, எதுவானாலும் மகள் வழியாகத்தான். 'மாப்ள' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"பெரிய ஏரி மீனுங்க அத்தை. ஆனா அந்த ஏரில பொறந்த சாதி இல்லீங்க. எங்கிருந்தோ கொண்டாந்து விட்டது, இப்ப அங்கயே பொழச்சுக்குச்சு," என்றார்.

ஏரி மீன் என்று காதில் விழுந்ததுமே என் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. ஆத்தூர் டேம் ஜிலேபி மீனுக்குச் சேற்று வாடை போக என்ன செய்வேனோ, அதையே செய்தேன். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். புகையில் வாட்டியது என்று அப்போது தெரியாமல், அந்த வாடையைக் கெட்டுப்போன வாடை என்றே நினைத்தேன். இளஞ்சிவப்புச் சதை பிய்ந்து பிய்ந்து வந்தது. குழம்பில் போட்டதும் கரைந்தே போனது. வாயில் வைக்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் வரும் பூனைக்குக் கொட்டிவிட்டேன். அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் அவர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம் சொன்னேன்: "அம்புட்டுத் தூரத்துலருந்து வாரவரு, கடையில நல்லதாப் பாத்து வாங்கியாரக் கூடாதா? நாத்தம் தாங்கல. பூனைக்குத்தான் போட்டேன்."

மகள் முகம் செத்துப்போயிற்று.

"அம்மா, அங்க அந்த மீனைக் கடையில விக்கவே கூடாது, சட்டம். தானாப் பிடிச்சாத்தான் உண்டு. உனக்குன்னு நாலு லீவு நாளு இடுப்பளவு ஐஸ் தண்ணியில நின்னாரு. கெடச்சது அந்த ஒண்ணுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அவர் மகளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூனை சாப்டுச்சுங்களா அத்தை?"

தலையை ஆட்டினேன்.

"அப்பச் சரிங்க," என்று சொல்லிவிட்டு ரசச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

'தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. நான் மகள் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு," என்றேன்.