தாய்மாமன் வைத்த முத்தம்

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் ஜெஸ்டினைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும்: அக்கா பிள்ளைக்குச் சளியை ஒட்டவைத்துச் சாகடித்தவன். நாக்கில் நரம்பில்லாமல் பேசும் இவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெஸ்டினுக்குத் தோணியில் வேலை. வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருவான். அப்பா அம்மா போனபிறகு அவனுக்கு எல்லாமே அக்கா ஹில்டாதான். அவளுக்கு மூத்தது மகள் ஜெமி, பாலர் பள்ளிக்குப் போகிற வாயாடி. இரண்டாவதாக ஆண்பிள்ளை பிறந்தபோது ஜெஸ்டின் கடலில் இருந்தான். ஞானஸ்நானத் தண்ணீரின் ஈரம் காய்வதற்குள் தாய்மாமன் பிள்ளையின் நெற்றியில் முத்தமிட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். காற்று சரியில்லாமல் தோணி மாலத்தீவிலேயே கிடந்தது. "எந்தம்பி வராம எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது" என்று ஹில்டா கணவன் விக்டரிடம் ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். ஞானஸ்நானம் தள்ளிப்போனது.

தோணி ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஜெஸ்டினும் வந்தான், ஒழுகும் மூக்கோடு.

கோயிலில் பிள்ளையை நீட்டியபோது அவன் ஓரடி பின்வாங்கினான். "எனக்குச் சளி பிடிச்சிருக்குக்கா. பெறவு குடுக்கேன்."

"ஏலே, மாமன் மூஞ்சியத் திருப்பிட்டான்னு ஊரு பேசவா? குடுல."

கொடுத்தான். கோயில் நிறைய ஆட்கள் பார்த்தார்கள்.

அந்த வாரமே பிள்ளை பால் குடிக்க மறுத்தது. மூச்சு இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆர்.எஸ்.வி. என்றார் டாக்டர் விஜிலா. எல்லா ஊரிலும் இருக்கிற சாதாரண வைரஸ்தான், பெரியவர்களுக்குத் தடுமனோடு போய்விடும், பச்சைப்பிள்ளைக்கு நுரையீரலை அடைத்துவிடும் என்றார். ஏதோ ஆராய்ச்சிக்கென்று ஜெஸ்டின் உட்பட வீட்டில் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். போன் நம்பர் கேட்டபோது ஜெஸ்டின்தான் தன் நம்பரைச் சொன்னான். பிள்ளை பிழைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் ஹில்டா அவன் சட்டையைப் பிடித்தாள். "மாலத்தீவுலேருந்து எம்புள்ளைக்குச் சாவக் கொண்டாந்தியால?" என்று கேட்டாள். குடு என்று சொன்னதும் அவள்தான். அதை அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த நினைப்பைத் தாங்க முடியாமல்தான் முழுப் பழியையும் அவன் தலையில் போட்டாள். அவனே அதை நம்பினான். தோணியில் கடல் தண்ணீரை மொண்டு உதடு வெடிக்கும்வரை வாயைக் கழுவுவானாம். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் சோற்றுப்பக்கமே போவானாம்.

மாதங்கள் கழித்து, துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் விஜிலாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அந்த ஆராய்ச்சி முடிவு வந்திருக்கு. இந்த வைரஸ்ல ஏ, பி-ன்னு ரெண்டு வகை இருக்கு. ரெண்டுக்குள்ளயும் நிறையக் கிளை. ஆள் மாறிப் பரவப் பரவ அதோட மரபணுவுல சின்னச் சின்ன மாற்றம் சேரும். அதை வச்சு எது எந்தக் கிளைன்னு பிரிச்சிரலாம். உங்களுக்கு வந்தது பி. குழந்தைக்கு வந்தது ஏ. உங்ககிட்டருந்து போகல."

ஜெஸ்டின் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் மேலும் பேசினார். ஜெமிக்கும் குழந்தைக்கும் இருந்தது அச்சு அசல் ஒன்றுதான். அவளுக்குத்தான் முதலில் தும்மல் வந்திருக்கிறது. அந்தப் பாலர் பள்ளியிலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு அதே கிளை. "ஊரெல்லாம் சுத்திக்கிட்டிருந்த வைரஸ்ப்பா. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. வீட்ல சொல்லிருங்க."

முதலில் கேட்டது மட்டும்தான் அவன் மனதில் நின்றது. நான் கொல்லவில்லை. தோணியின் தலைவரான தண்டலிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினான். அக்கா வீட்டுப் பக்கம் போய் எத்தனை காலம்! வழியெல்லாம் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனானாம். அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

கதவு திறந்திருந்தது. ஹில்டா வெளிவாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஜெமி தள்ளி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தாள்.

"எதுக்குல வந்த?" ஹில்டா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, டாக்டரம்மா போன் பண்ணுனாவ..."

"அந்தப் பேச்சே எடுக்காத. இருக்கது இவ ஒருத்தி. இவளும் எங்கிட்ட ஒட்ட மாட்டேங்கா. எந்நேரமும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கா. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

ஜெமி எழுந்து வந்து அவனுக்குச் சற்றுத் தள்ளியே நின்றாள். கைக்குட்டைக்குள்ளிருந்து சின்னக்குரல் வந்தது.

"மாமா, டாக்டரம்மா என்ன சொன்னாவ? நானும் தம்பிக்கு முத்தம் குடுத்தேன். எனக்கும் சளி இருந்துச்சு. யாரும் பாக்கல. நான் குடுத்ததுலயா தம்பி செத்தான்?"

ஹில்டாவின் கையில் கத்தி நின்றது. மகளைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள். மாதக்கணக்கில் அந்தப் பிஞ்சு இதை நெஞ்சுக்குள் வைத்து மருகியிருக்கிறது. அதை நினைக்கையில் எனக்கு இப்போதும் எழுதக் கை ஓடவில்லை.

டாக்டர் சொன்ன மிச்சத்தின் அர்த்தம் அப்போதுதான் ஜெஸ்டினுக்கு முழுதாக உறைத்தது. குனிந்து உட்கார்ந்தான்.

"இல்ல பிள்ள. ஒன் சளி வேற, தம்பி சளி வேறயாம். மிசின்ல வச்சுப் பாத்துட்டாவ. தம்பிக்கு வந்தது என் சளிதான்."

"நெசமாவா?"

"மாதாமேல சத்தியமா."

ஜெமி கைக்குட்டையை அவிழ்த்தாள். ஓடிப்போய் அம்மாவின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மீன்கையோடு அவளை அணைத்துக்கொண்டு ஹில்டா ஓவென்று அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் மகளின் தலைக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தாள்.

"இதச் சொல்லத்தான் வந்தியா? சொல்லிட்டல்ல. இனி இந்த வாசல மிதிக்காத."

"சரிக்கா" என்றான் ஜெஸ்டின்.