ஆறாவது மாடிக்குத் தேவை பூஜ்யம்

எங்கள் அலுவலகத்தில் அவரை ‘மாடல்’ என்றுதான் கூப்பிடுவோம். மேடையில் நடக்கிற மாடல் இல்லை. அந்தத் தொப்பையும் கசங்கிய சட்டையும் அதற்கு இடம் கொடுக்காது. நகரத்துத் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் சமன்பாடுகளாக்கி, எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணினியில் கணக்கிடுவது அவர் வேலை. அந்தக் கணித மாதிரியைப் பார்த்துத்தான் எந்த பம்ப் போடுவது என்று முடிவு செய்வோம். என்ன கேட்டாலும் “மாடல்படி...” என்று ஆரம்பிப்பார். மனைவி இறந்த பிறகு அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நல்லது கெட்டது எதற்கும் முகத்தில் ஒரு சுளிப்புகூட வராது. பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவருடைய அக்கா ஒரு அடுக்குமாடியில் ஆறாவது மாடி. அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்ட, துணி அலச, எல்லாவற்றுக்கும் அந்த அம்மா கீழேயிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். ஒருநாள் தம்பியைப் போனில் பிடித்துக்கொண்டார். அக்கா பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை.

“புது பம்ப் போட்டும் சொட்டுத் தண்ணி ஏறலடா.”

“மாடல்படி எந்த வீட்டுலயும் குறையில்லையே, அக்கா.”

“அப்ப உன் மாடலைக் கொண்டுவந்து வாளில ஊத்து! அவரைக் காப்பகத்துல விட்டுடுன்னு என் மக நச்சரிக்கிறா. எனக்கு மனசு வரலடா. ஆனா இடுப்பு விட்டுப்போச்சு.”

நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மாதிரியைத் திறந்து அந்த வீட்டைத் தேடினார். பச்சை நிறம், எல்லாம் நலம். வீட்டுக்கு வீடு தேவையை மீட்டரில் ஓடியதை வைத்துத்தான் எடுப்போம். அங்கே தண்ணீர் ஏறியதே இல்லை, மீட்டர் ஓடவில்லை. ஆகவே தேவை பூஜ்யம். பூஜ்யம் கேட்டவருக்குப் பூஜ்யம் கொடுத்தால் கணக்கில் என்ன குறை?

“தண்ணி கிடைக்காதவங்களைத் தண்ணி வேண்டாதவங்கன்னு போட்டிருக்கேன்” என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

மேல்மாடிகளின் தேவையை ஆள் கணக்கில் திருத்தினார். திரையில் பாதி நகரம் சிவந்தது. தலைமைப் பொறியாளர் தையா தக்கா என்று குதித்தார், இவர் அசையவில்லை. பெரிய பம்ப் வர மாதங்கள் ஆயின. அதற்குள் அக்காவிடம் “வந்துரும், பொறுத்துக்கோ” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை. அக்காவும் போன் செய்வதை நிறுத்தியிருந்தார்.

பம்ப் போட்டதும் தண்ணீர் அழுத்தம் சோதிக்க நானும் அவரோடு ஆறாவது மாடிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குழாய் கொஞ்ச நேரம் இருமியது. பிறகு தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“வந்துருச்சு, அக்கா.”

அக்கா அறைப்பக்கம் கைகாட்டினார். மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்.

“போன வாரம்தான் அவரைக் காப்பகத்துல கொண்டுபோய் விட்டேன். வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேனேடா. இப்ப யாரைக் குளிப்பாட்டறது?”

குழாயடியில் இருந்த வாளி நிரம்பி வழிந்தது. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.