காய்ச்சாமலே ஆறிய தண்ணீர்

இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. கொதித்த தண்ணீர் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஆறுகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்து எழுத வேண்டும்.

காலையிலேயே லேபில் கேஸ் தீர்ந்துபோனது. சிலிண்டருக்கு அரியலூர் போன ஆள் திரும்புவதற்குள் சரண்யா எழுதியே முடித்துவிட்டாள். அவள் தாளில் வெப்பநிலை எண்பது டிகிரியிலிருந்து ஒழுங்காக இறங்குகிறது.

வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் பாத்திரத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பச்சத்தண்ணியால்ல இருக்கு. எண்பது எப்படிம்மா வந்துச்சு?"

"மிஸ் போர்டுல எழுதிப் போட்ட ரீடிங் சார். மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாளை அடுத்த இருபது பேர், அதே தேர்வாளர். இருபது பேருக்கும் அதே ரீடிங் தலைகீழாகத் தெரியும். காலைக்குள் அதை மறக்கடிக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.