நன்மை நேரத்தில் ஒரு பாட்டு

ஊரில் யாருக்கும் காது இல்லை என்பது லூர்துபிரகாஷின் முடிந்த முடிவு. முப்பது வருஷமாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறான். பாடகர் குழு, அவனைப் பொறுத்தவரை, சளி பிடித்த கும்பல். கல்யாண வரவேற்பில் புல்லாங்குழல் சத்தம் வை என்று கேட்கிறவர்களை அவன் மனுஷராகவே சேர்ப்பதில்லை.

அவனுக்கென்று ஒரு சங்கீதம் உண்டு. பாரிஸில் தபால் ஆபீஸில் வேலை பார்த்த அண்ணன் அமலநாதன், எண்பதுகளில் ரேடியோ முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்து அனுப்பிய கேசட்டுகள். கோல்டு வேவ், அதாவது குளிர் அலை, என்று பெயர். மிஷின் டிரம், இழுத்துப் பிடித்த சிந்தசைசர், நாலு நாள் பட்டினி கிடந்தவன்போல் முனகும் ஒருத்தன். கேட்டவர்கள் சாவு வீட்டுச் சத்தம் என்றார்கள். இவனுக்கோ கம்பளி போர்த்தியதுபோல் கதகதப்பாக இருக்கும். பாட்டுக்குப் பாட்டு நடுவே அண்ணன் தொண்டையைச் செருமுவதும் கேட்கும். குடும்பத்தில் ரசனை உள்ளவர்கள் தாங்கள் இருவர்தான் என்று நம்பியே அறுபதைத் தொட்டுவிட்டான்.

அண்ணன் போன மாதம் அங்கேயே இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசையைச் சொந்த ஊரில் வைக்க அண்ணி அகஸ்டினா பாண்டிக்கு வந்தாள். அண்ணனுக்குப் பிடித்த பாட்டில் ஒன்றையாவது அந்தப் பூசையில் வாசித்துவிட வேண்டும் என்று லூர்து துடித்தான்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. மாதா பாட்டு போதும்" என்றாள் அண்ணி.

நாற்பது வருஷம் பாரிஸில் இருந்தும் இவளுக்கு மாதா பாட்டுதானா என்று பல்லைக் கடித்தான்.

ஆனால் சாமியார் நற்கருணை அப்பம் கொடுக்கும் நன்மை நேரம் என்று ஒன்று இருக்கிறதே. பாடகர் குழு மொத்தமும் நன்மை வாங்க வரிசைக்குப் போய்விடும். கீபோர்டுக்காரனைக் கேட்க நாதியில்லை. லூர்து தன் நன்மையை விட்டுவிட்டு கேசட் பாட்டு ஒன்றை முழுசாக வாசித்தான். வரிசையில் நின்றவர்கள் கீபோர்டு ரிப்பேரா என்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், கழுதைகள்.

பூசை முடிந்து அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவருக்கு இந்தச் சத்தமே ஆவாது தம்பி. அதான் வேணாம்னேன்."

"இன்னா சொல்றீங்க அண்ணி? அவருதான அனுப்புனாரு?"

"மொத கேசட்டு நல்லாருக்குன்னு நீ எழுதிட்ட. அப்புறம் வெள்ளிக்கிழமன்னா ரேடியோகிட்ட உக்காந்துகினு, 'இத எப்படித்தான் கேக்கறானோ'ன்னு திட்டிட்டுதான் மைக்க வச்சிப் புடிப்பாரு. கேசட்டுல உழுந்துடும்னு என்னையும் பேச உடமாட்டாரு."

வீட்டில் நாற்பத்தோரு கேசட் இருக்கிறது. பிடிக்காத பாட்டோடு அத்தனை வெள்ளிக்கிழமை. லூர்து கீபோர்டு மேலேயே கவிழ்ந்து அழுதான். அணைக்காத கீபோர்டு அவன் கைக்கடியில் கன்னாபின்னாவென்று அலறியது. அவன் கையை எடுக்கவில்லை.