ஊருக்குள் போகாத விமானம்

அந்தக் கருப்பு வெள்ளை டிவியில் நியூயார்க் நகரம் சில கோடுகளாக நின்றது. நிமிர்ந்த கோடுகள் கட்டடங்கள். படுத்திருந்த கோடு கரை. அதற்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் கடல் கிடந்தது. கடலின் நடுவில் ஊதுபத்தி உயரத்துக்கு ஒரு சிலை. வோல்டேஜ் குறைந்தால் ஊர் இரண்டு பக்கமும் சுருங்கும், ஏறினால் மறுபடி விரியும். எண்பதுகளின் நடுவில், பழவேற்காட்டில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் உட்கார்ந்து நான் அமெரிக்காவைப் பார்த்தது அப்படித்தான்.

நான் அப்போது அங்கே பள்ளி ஆசிரியை. மீஞ்சூரிலிருந்து தினமும் வந்துபோக முடியாமல் மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரை ஊரே கப்பல் பாய் என்றுதான் கூப்பிடும். சரக்குக் கப்பல்களில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். துபாயில் வேலை பார்த்த அவர்கள் மகன் லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருந்தான். டைப்ரைட்டரை நசுக்கித் தட்டையாக்கியது போன்ற ஒரு பெட்டி. அதை டிவியோடு இணைத்து, கேசட்டைப் போட்டு, அது கீச்சிட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தால் விமானம் ஓட்டலாம். லீவு முடிந்து மகன் போய்விட்டான். விமானம் பாயிடம் தங்கிவிட்டது. அதோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்வது என் வேலையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவார். கேசட்டில் வேறு ஊர்களும் இருந்தன. அவர் போனது நியூயார்க்குக்கு மட்டும்தான். அந்த ஊரைப் பற்றி அவர் முன்பே நிறையச் சொல்லியிருந்தார். துறைமுகத்தை ஒட்டி ஆள் உயர மீன்களைத் தொங்கவிட்டிருக்கும் சந்தை, சவரம் செய்துவிட்டுக் காசு வேண்டாம் என்ற சலூன்காரர், மழைக்கு ஒதுங்கி நின்றவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்த பாட்டி. கேட்டுக் கேட்டு எனக்கே அந்தத் தெருக்கள் பழகிப்போயிருந்தன. அதனால் விமானம் சிலையைத் தாண்டும்போதெல்லாம், “சலூன் எந்தப் பக்கம் பாய்?” என்று கேட்பேன். “இன்னும் கொஞ்சம் அந்தாண்ட, டீச்சர்” என்பார். அதற்குள் விமானம் கடல் பக்கம் திரும்பிவிடும். அக்கா மட்டும் எதையும் கேட்டதில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கோடுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என எனக்கு ஆசை வந்துவிட்டது. வகுப்பில் பூகோளம் நடத்தும்போதுகூட அந்த நினைப்புதான். புத்தகத்தில் தரையிறங்குவதைப் பற்றி ஒரு பெரிய பகுதி இருந்தது. அதை எடுத்தாலே பாய், “எறங்கறது இன்னா பெரிய விசயம் டீச்சர், சுத்திப் பாக்கத்தான இது” என்று மூடிவைக்கச் சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து படகில் வந்து வீடு வீடாக மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கதவோரம் நின்று டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னா பாய், நானும் வர்ற நாளெல்லாம் பாக்கறேன், தண்ணி மேலயே சுத்திகினு கீறீங்க. ஊருக்குள்ள போவ மாட்டீங்களா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். பாயின் விரல்கள் நின்றுவிட்டன. விமானம் மெல்ல மூக்கைக் கவிழ்த்துக் கடலில் விழுந்தது. அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஊருக்குள்ள எனக்கு வழி தெரியாதும்மா. கப்பல் ரெண்டு தபா அங்க நின்னுது. ரெண்டு தபாவும் எனக்கு எறங்கச் சீட்டு குடுக்கல. மேல்தட்டுல நின்னு பாத்ததுதான். இதோ, இந்த மாரியே தெரியும்.”

“அப்போ அந்த சலூன்?” யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

“அது கூட வேலை பாத்தவன் சொன்னது. அவன் எறங்கினான்.”

மீன்காரம்மாதான் முதலில் வாய் திறந்தார். “நான் மட்டும் இன்னாவாம். மெட்ராசுக்கு எத்தினியோ தபா போயிகீறேன். மார்க்கெட்ட வுட்டு அந்தாண்ட போனதில்ல.” சொல்லிவிட்டு இறாலை அள்ளி முறத்தில் போட்டார்.

அக்கா எழுந்துவந்து பாயின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். “எனக்குத் தெரியுங்க” என்றார். “ஊர் சுத்திப் பாக்கன்னு ஒரு ஜோடி பூட்ஸு வாங்கி வெச்சு அனுப்புனேன். எத்தினி வருசம் போய் வந்தீங்க, அதோட அடி தேயவே இல்லியே.”

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அப்பவே கேட்டுருக்கலாமே.”

“நீங்க சொல்றது கேக்க நல்லா இருந்துது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், எறங்கறது எப்பிடின்னு அதுல போட்டுருக்கில்ல? படிங்க.”

படித்தேன். வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும், தரையைத் தொடும் முன் மூக்கை லேசாகத் தூக்க வேண்டும். பாய் தப்பும் தவறுமாக விசைகளைத் தட்டினார். விமானம் தரையில் மோதி நொறுங்கியது, மறுபடி கிளம்பினார், மறுபடி நொறுங்கியது. அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்றபடி நின்றார். மீன்காரம்மாவும் கூடையைத் தூக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தடவை விமானம் குதித்து, தடுமாறி, உருண்டு நின்றது. வெறும் சாம்பல் தரை. தூரத்தில் அந்தக் கோடுகள்.

“இங்க இன்னாங்க, வெயிலா குளிரா?” என்று அக்கா கேட்டார்.

பாய் எப்போதும் போல வாயைத் திறந்தார். “தெரியல” என்றார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்த மனிதரிடமிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை. புது ஊருக்கு வந்து இறங்கியவர் முகம்தான் இருந்தது.

பாய் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. அக்கா மகனோடு இருக்கிறார். இன்று என் போனில் விரலால் தள்ளினால் அந்த ஊரின் தெருக்கள் எல்லாம் வருகின்றன. மரங்களின் இலைகூடத் தெரிகிறது. நானும் போய்ப் பார்த்தேன், சீக்கிரமே சலித்துவிட்டது. அடுத்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்க என் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று கேட்க நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போது விமானத்தை வண்டி மாதிரி ஓட்டலாம் என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். பாய் ஓடுபாதையை விட்டு இறக்கினார். விமானம், பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும் பஸ்ஸைப் போல மெதுவாக, கட்டடங்களை நோக்கி உருண்டது. வெகு நேரம் கழித்துக் கோடுகள் உயர்ந்தன, விலகின.

“ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கு பாருங்க” என்றார் அக்கா. “அதுல வுடுங்க.”

பாய் விமானத்தை அந்தச் சந்துக்குள் திருப்பினார்.